இன்கா மன்னர்களும் நீத்தார் கடனும்

(அறக்கட்டளையின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீத்தார் கடன் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். திதி, தர்ப்பணம், மாளய பட்சம் பற்றி என்னைவிட நன்கறிந்த குருக்கள் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் அதைப் பேசுவது முறையன்று. ஆகவே, உலகின் மறுகோடியில் வாழும் ஒரு மக்கள் தங்கள் நீத்தாரை எப்படிப் போற்றினார்கள், இன்றும் எப்படிப் போற்றுகிறார்கள் என்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேல், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் குஸ்கோ என்னும் நகரம் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது இன்கா பேரரசின் தலைநகரம். அங்கே அரசர் இறந்தால் எரிப்பதில்லை, புதைப்பதுமில்லை. உடலைப் பதப்படுத்தி, அமர்ந்த கோலத்தில் வைத்து, உயர்ந்த ஆடைகளை உடுத்திப் பாதுகாத்தார்கள். மலையின் உலர்ந்த குளிர்காற்றும் அதற்குத் துணை செய்தது. அந்த உடலுக்கு 'மல்கி' என்று பெயர். கெச்சுவா மொழியில் மரக்கன்றுக்கும் அதே சொல்தான்.

திருவிழா நாட்களில் மல்கிகளைப் பெருவெளிக்கு எழுந்தருளச் செய்து, வரிசைப்படி அமர்த்துவார்கள். முன்னால் தீ மூட்டி, அவர்களுக்கு உரிய உணவை அதில் இடுவார்கள். சோளத்தில் வடித்த சிச்சா என்னும் பானத்தைப் படைப்பார்கள். தீயின் வழியாக முன்னோருக்கு உணவு போய்ச் சேரும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதன்று.

இதில் அறங்காவலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிதாகப் பட்டத்திற்கு வரும் இன்கா, ஆட்சியை மட்டுமே பெறுவார். இறந்த அரசரின் நிலமும் மாளிகையும் பணியாட்களும் இறந்தவருக்கே உரியவை! அவற்றை நிருவகிக்க அவருடைய மற்ற வழித்தோன்றல்களைக் கொண்ட 'பனக்கா' என்னும் குழு இருந்தது. அவர் பெயரால் விளைந்ததை அவருக்குப் படைப்பதும் அவர் பெயரால் விருந்தளிப்பதும் அவர்கள் கடமை. ஏறக்குறைய ஒரு கட்டளை என்றே சொல்லலாம்.

பெத்ரோ பிசாரோ என்ற ஸ்பானிய வீரர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். பெண் ஒருத்தியைப் படைத்தலைவன் ஒருவன் மணக்க விரும்பினான். அவள் சார்ந்திருந்த பெருமகனிடம் அனுமதி கேட்டு வரும்படி பெத்ரோவை அனுப்பினார்கள். உயிருள்ள ஒருவரைக் காணப்போவதாக எண்ணிச் சென்றவர் முன், துணியால் சுற்றிய உடல் ஒன்று அமர்ந்திருந்தது. ஒரு பக்கம் ஓர் ஆண், மறுபக்கம் ஒரு பெண். செய்தியைக் கேட்ட இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "எங்கள் தலைவர் சம்மதம் தெரிவிக்கிறார்" என்று பதில் வந்தது.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அச்சமாக இருந்தது. என் தந்தையார் பெயரில் இங்கே அன்னதான நிதி வைத்திருக்கிறேன். உங்களில் பலரும் வைத்திருக்கிறீர்கள். நம் பெற்றோரின் விருப்பம் இன்னது என்று நாளை சொல்லப்போகிறவர்களும் அப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தானே சொல்வார்கள்? குஸ்கோவிலும் இது பெரும் வழக்காயிற்று. இறந்தவர்களின் சொத்து பெருகிவிட்டது என்று கண்ட வாஸ்கர் என்னும் இன்கா, அவர்களையெல்லாம் புதைத்துவிட்டு உடைமைகளை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார் என்றும், அதனால் பெருங்குடியினர் அவர்மீது வெறுப்புற்றனர் என்றும் அதே பெத்ரோ எழுதுகிறார்.

வாஸ்கருக்கும் அவர் சகோதரர் அத்தவால்பாவுக்கும் நடந்த போரில், அத்தவால்பாவின் படைத்தலைவர்கள் அவ்விருவரின் பாட்டனாரான துப்பாக் யுப்பாங்கியின் மல்கியையே எரித்தார்கள். பகைவனுக்குச் செய்யக்கூடிய கொடுமைகளில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. மறு ஆண்டே, 1533இல், ஸ்பானியரிடம் சிறைப்பட்ட அத்தவால்பாவை உயிரோடு எரிக்கத் தீர்ப்பாயிற்று. ஞானஸ்நானம் பெற்றால் தீ இல்லை என்றார்கள். அவர் அதை ஏற்றுக் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். உடல் அழியக்கூடாது என்பதே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். நமக்குத் தீ வழியனுப்பும் வாயில். அவர்களுக்கோ அது இரண்டாம் மரணம்.

ஆனால் எரித்தும் வழிபாடு முடியவில்லை. விரக்கோச்சா இன்காவின் உடலை ஸ்பானியர் எரித்தபோது, மக்கள் சாம்பலைத் திரட்டி ஒரு சாடியில் வைத்து வணங்கினார்கள். 1559இல் அதிகாரி போலோ தெ ஒந்தெகார்தோ, மறைத்து வைத்திருந்த மல்கிகளைத் தேடிப் பிடித்தார். அவற்றுள் ஐந்தை, அதாவது மூன்று அரசர், இரண்டு அரசியர் உடல்களை, 1560இல் கார்சிலாசோ தெ லா வேகா என்ற இளைஞர் பார்த்தார். அவருடைய தாய் இன்கா குலத்தவர். புருவ முடிகூட உதிரவில்லை என்றும், வாய்னா காப்பாக்கின் விரலைத் தொட்டபோது மரம்போல் விறைத்திருந்தது என்றும் பின்னாளில் எழுதினார். வெள்ளைத் துணி போர்த்தித் தெருவில் கொண்டு சென்றபோது மக்கள் மண்டியிட்டு அழுதார்களாம். ஸ்பானியரும் தொப்பியைக் கழற்றினார்களாம். பிறகு மல்கிகள் சில லீமா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவை இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை.

1999இல் அர்ஜென்டினாவின் யுயாய்யாக்கோ சிகரத்தில் 6,700 மீட்டருக்கு மேல் கண்டெடுத்த மூன்று குழந்தைகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மல்கிகள் அல்லர். மலைக்குப் பலியிடப்பட்டு, குளிரில் உறைந்தவர்கள். சால்டா நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இறந்தவரைக் காட்சிப்பொருளாக்கலாமா என்று பழங்குடி மக்களில் பலர் எதிர்க்கிறார்கள். என் மனமும் அவர்கள் பக்கமே.

அரசர்கள் போனார்கள், பனக்காக்களின் நிலங்களும் போயின. எளிய மக்களின் வழக்கம் போகவில்லை. முற்காலத்தில் நவம்பர் மாதத்தில் இறந்தவர்களை வெளியே எடுத்து, உணவூட்டி, சுமந்து ஆடினார்கள் என்று குவாமன் போமா என்ற பழங்குடி எழுத்தாளர் படத்துடன் குறித்திருக்கிறார். இன்றும் அதே மாதத்தில்தான், கத்தோலிக்கத் திருநாளோடு கலந்து, நீத்தார் நாள் வருகிறது. லா பாஸ் நகரில் நவம்பர் 8ஆம் நாள், வீட்டில் வைத்துப் பேணும் மண்டையோடுகளுக்குப் பூமுடி சூட்டிக் கல்லறைத் தோட்டத்திற்கு எடுத்து வருகிறார்கள். திருச்சபை அதை ஏற்பதில்லை. கபாலியைக் கும்பிடும் நமக்கே அது திகைப்பாகத்தான் இருக்கும்!

எனக்குப் பிடித்தது பொலிவிய வீடுகளில் நவம்பர் 1ஆம் நாள் இடும் படையல். இறந்தவர் விரும்பி உண்டது, பழம், பூ, குழந்தை வடிவில் சுட்ட ரொட்டி, ஆன்மா ஏறி இறங்க ஏணி வடிவில் இன்னொரு ரொட்டி. நண்பகலில் ஆன்மா வரும், மறுநாள் நண்பகலில் விடைபெறும். இடையில் அக்கம்பக்கத்தாரும் பிள்ளைகளும் வருவார்கள். இறந்தவர் பெயரைக் கேட்டு, அவருக்காக வேண்டிக்கொள்வார்கள். வேண்டிக்கொண்டவர் கையில் வீட்டார் ரொட்டியும் பழமும் கொடுத்து அனுப்புவார்கள்.