புழுங்கல்: ஒரு சொல்லும் ஒரு தொழிலும்



காற்றில்லாத நாளைப் புழுக்கம் என்கிறோம். ஆற்றாமையை மனப்புழுக்கம் என்கிறோம். வெளியேற வழியின்றி உள்நின்று வேகவைக்கும் வெப்பமே இவற்றின் அடிப்பொருள். பெரும்பாணாற்றுப்படையில் ‘புழுக்கல்’ வெந்த உணவைக் குறிக்கின்றது. புழுங்கலரிசியைப் பச்சரிசிபோல் மற்றொரு நெல்லினம் என்று எண்ணும் மாணவர் உளர். அஃது இனமன்று, ஒரு தொழிலின் பயன்.

நெல்லை உமியோடு ஊறவைத்து, அண்டாவில் சிறிது நீர்விட்டு, சாக்கினால் மூடி அவிப்பர். உமி வாய்பிளக்கத் தொடங்குவதே பக்குவம். அதன்பின் களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவர். கைத்திறன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கடுவெயிலில் ஒரே மூச்சாகக் காயவிட்டால் மணி உள்ளே வெடிக்கும், குத்தும்போது நொய்யாகும். ஆதலால் பாதி காய்ந்ததும் குவித்து, உள்ளீரம் பரவியபின் மீண்டும் விரிப்பர். கடித்துப் பார்த்தே பதம் அறிவர். கருவிகள் என்று சொல்லத்தக்கவை பானை, வெயில், உரல், உலக்கை, முறம் ஆகியவையே.

ஆவியில் அரிசியின் மாவுப்பொருள் இளகி, மணியின் நுண்வெடிப்புகளை அடைத்து, காயும்போது இறுகுகிறது. பூச்சிமுட்டைகள் வெப்பத்தில் அழிகின்றன. இறுகிய மணி உலக்கையில் எளிதில் உடைவதில்லை. வண்டும் எளிதில் துளைப்பதில்லை. ஈரம் படாது காத்தால் நெடுநாள் இருக்கும்.

இவ்வரிசி மலாயாவில் உயிர்காத்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இங்கே பலரைக் கொன்றது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிது என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கண்டார். 1905ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் ஒருவரும் இறக்கவில்லை. (இன்று இத்தகைய சோதனைக்கு எவரும் இசையார், அன்று அந்நோயாளரை இசைவு கேட்டவரும் இலர்.)

காரணம் பின்னரே தெளிவாயிற்று. தவிட்டிலுள்ள அந்தச் சத்தை 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனத்தும் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். தையமின் என்பது அதன் இன்றைய பெயர். நெல் ஊறி அவியும்போது அதன் ஒரு பகுதி மணியின் உட்புறம் சென்று தங்குகிறது. தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. நெல் அவித்த பெண்கள் இச்சத்தை அறிந்திலர். அரிசி உடையாமலும் கெடாமலும் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். அதுவும் அறிவே என்பது என் துணிபு.

ஒன்று கூறி அமைகிறேன். அக்கால ஆங்கில மருத்துவ ஏடுகள் சில இதனைப் ‘பக்குவம் செய்த அரிசி’ எனும் பொருள்பட எழுதின. அத்தொடரை அப்படியே தமிழாக்கினால், தம் வீட்டு அரிசியைத்தான் அவ்வேடு பேசுகிறது என்பதை நம் மாணவர் உணரார். மொழிபெயர்ப்போர் அங்கே ‘புழுங்கலரிசி’ என்றே எழுத வேண்டுகிறேன்.