ஆட்சி மாறும், வட்டி மாறாது!

எல்லாக் கட்சிகளையும் திட்டித் தீர்த்துவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

அரசாங்கத்தின் கடன் ஏறுவதற்குப் பெரிதும் காரணம் ஆளும் கட்சிகளா, வாக்களிக்கும் மக்களா? மக்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். மக்களை முன்னாடி உட்கார வச்சுக்கிட்டே இதைச் சொல்றதுக்குத் தனித் துணிச்சல் வேணும் ஐயா! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? அந்தக் கட்சி வந்தா கஜானா காலியாகும், இந்தக் கட்சி வந்தா நிரம்பும் என்றார். சரி, கணக்கைப் பார்ப்போம்.

முதலில் டெல்லி. வரவுக்கு மேல் செலவு செய்து கடனை இஷ்டத்துக்கு வாங்கக் கூடாது என்று 2003இல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தது வாஜ்பாய் அரசு. 2004இல் ஆட்சி மாறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது மன்மோகன் சிங் அரசு. ஒருத்தர் எழுதிய சட்டத்தை இன்னொருத்தர் அமல்படுத்தினார்! 2007-08இல் மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் இரண்டரை விழுக்காடு அளவுக்கு இறங்கியது. 2008இல் உலகமே சரிந்தது. விவசாயக் கடன் தள்ளுபடியும் வந்தது, சம்பளக் கமிஷனும் வந்தது. 2008-09இல் பற்றாக்குறை சுமார் 6 விழுக்காடு.

அது காங்கிரஸ் தலைமை. அடுத்து பா.ஜ.க. தலைமை. 2018-19இல் 3.4 விழுக்காடு. கொரோனா வந்தது, 2020-21இல் 9.2 விழுக்காடு! கட்சி வேறே, கொடி வேறே. கஷ்டகாலம் வந்தபோது ரெண்டு பேர் கையும் கடன் பத்திரத்தைத்தான் தேடியது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். 2001இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். முந்தின ஆட்சிதான் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க! 2021இல் தி.மு.க. வந்தது. நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். முந்தின ஆட்சிதான் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க! (பலத்த சிரிப்பு) ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார். பல வீட்டிலே சம்சாரத்துக்குத் தெரியாத கடன்தான் இருக்கும். இது புருஷனுக்கும் சம்சாரத்துக்கும் சேர்ந்தே தெரியாத கடன்!

தமிழக அரசின் கடன் 2011இல் சுமார் 1 லட்சம் கோடி. 2021இல் 4.85 லட்சம் கோடி. 2026 மார்ச் முடிவில் 9.29 லட்சம் கோடி ஆகும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. எதிரணியினர் இந்த எண்ணை மட்டும் சொல்லி உங்களைப் பயமுறுத்தினார்கள். கடனை மட்டும் பார்க்கலாமா? வருமானத்தோடு சேர்த்தல்லவா பார்க்கணும்! பத்தாயிரம் சம்பளக்காரர் வாங்கின கடனும் லட்ச ரூபாய் சம்பளக்காரர் வாங்கின கடனும் ஒண்ணா? அந்த 9.29 லட்சம் கோடி, மாநிலப் பொருளாதாரத்தில் 26 விழுக்காடு. 2021இலும் ஏறத்தாழ அதே அளவுதான். எண் இரட்டிப்பானது, பாரம் அப்படி ஆகவில்லை.

அப்படியானால் கவலையே இல்லையா? உண்டு! வீடு கட்டக் கடன் வாங்கினால் வீடு மிஞ்சும். மளிகைச் சாமானுக்குக் கடன் வாங்கினால் மாசக் கடைசியில் காலி டப்பாதான் மிஞ்சும். அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத நிலைக்குத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்று பெயர். தமிழகத்தில் அது 2013-14இல் வந்து உட்கார்ந்தது. 2021இல் ஆட்சி மாறியது. அது எழுந்திருக்கவே இல்லை!

ஏன்? இங்கேதான் நாம வர்றோம். 2003இல் ஜெயலலிதா அரசு சிக்கனத்தில் இறங்கியது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள், வசதியானவர்களுக்குத் தனி ரேஷன் கார்டு கொடுத்தார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதியும் போச்சு. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோற்ற கையோடு என்ன செய்தார்கள்? அந்த நடவடிக்கைகளை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினார்கள். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியது. போராட்டம் நடந்தது, சில நாளிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். வரவைக் கூட்டினாலும் கோபம், செலவைக் குறைத்தாலும் கோபம். அப்புறம் கடன் ஏறாம கண்ணாடி வளையலா ஏறும்? (கைதட்டல்)

2006இல் ஒரு கட்சி கலர் டி.வி. என்றது. 2011இல் இன்னொரு கட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்றது. 2021இல் குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் என்றது ஒன்று. ஆயிரத்து ஐநூறு என்றது மற்றொன்று. ஏலம் கேட்டவர்கள் அவர்கள். ஏலக் கடையில் கூட்டமாக நின்றது யார்?

தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். ஏழைக்குக் கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. காமராஜர் போட்ட மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் செலவுதான். அந்தத் தட்டில் சாப்பிட்ட பிள்ளை படித்துச் சம்பாதித்து வரி கட்டுகிறானே, அது முதலீடு! எனக்குக் கொடுக்காதே என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எங்கேயிருந்து கொடுக்கிறாய் என்று கேளுங்கள்!

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. வரவு சின்னதானாலும் பரவாயில்லை, செலவு அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒரு ரூபாய் செலவில் 20 காசு வட்டிக்கே போனது. அந்த வட்டிக்குக் கட்சி கிடையாது. எவர் வாங்கினாலும் கட்டப்போவது இங்கே மடியில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைதான். கேட்கிற மக்கள் கணக்கும் கேட்டால், கொடுக்கிற கட்சி கணக்கோடு வரும். கேட்காத வரை, கடன் ஏறக் காரணம் மக்களே, மக்களே என்று கூறி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)