'ஸ்மூத்லி': ஒரு சொல்லும் அதன் தமிழ் ஈடுகளும்



'ஸ்மூத்லி' என்னும் ஆங்கில வினையடைக்குத் தமிழில் ஒரே ஈடு தேடுவோர் இடறுவர். எது, எவ்வாறு நிகழ்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இயந்திரம் சீராக இயங்குகிறது. பேருந்து குலுங்காமல் செல்கிறது. விழா தடையின்றி நடந்தேறுகிறது. பேச்சுவார்த்தை சுமுகமாக முடிகிறது.

'சுமுகம்' ஒலியால் 'ஸ்மூத்'தை நினைவூட்டினும் அதிலிருந்து வந்ததன்று. நல்ல முகம் என்னும் பொருளுடைய வடசொல் அது. ஆதலால் மனிதர் உறவுக்கே அது சிறப்பாகப் பொருந்தும்; இயந்திரத்திற்குப் பொருந்தாது.

பேச்சைக் குறிக்கையில் இன்னும் விழிப்பு வேண்டும். 'வழவழவென்று பேசினார்' என்பது பாராட்டன்று, பழிப்பு. பாராட்டுவதாயின் 'சரளமாக' என்க. ஆங்கிலச் சொல்லே சில இடங்களில் பசப்பைச் சுட்டும். அங்கே 'நைச்சியமாக' என்பதே பொருந்தும்.

இனி, மாணவரிடம் நான் பலகாலும் கண்ட பிழை ஒன்று. 'மேசை வழவழப்பாக இருக்கிறது' என்பதை ஆங்கிலமாக்குகையில் 'ஸ்மூத்லி' என எழுதிவிடுகின்றனர். தமிழில் 'ஆக' என்னும் ஈறு, செயல் நிகழும் விதத்தையும் காட்டும்; 'இரு' என்னும் வினையோடு சேர்ந்து பொருளின் பண்பையும் காட்டும். ஆங்கிலமோ இவ்விரண்டையும் பிரிக்கிறது. மேசையின் பண்புக்கு 'ஸ்மூத்', செயலின் விதத்திற்கே 'ஸ்மூத்லி'.

இப்பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதோடு நில்லாமல், அது தமிழின் எந்த அமைப்பிலிருந்து பிறந்தது என்பதையும் ஆசிரியர் விளக்குவாராயின், மாணவர் இரு மொழியையும் ஒருங்கே கற்பர்.