மருந்தை அறிந்த கை

(நர்ஸுகள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

 

டாக்டர் மருந்தை எழுதுகிறார். மருந்தகத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது நோயாளியின் உடம்பில் சேருவது உங்கள் கையால். டாக்டர் தவறினால் மருந்தகத்தார் பிடிக்கலாம். மருந்தகத்தார் தவறினால் நீங்கள் பிடிக்கலாம். நீங்கள் தவறினால் பிடிப்பதற்கு யார் இருக்கிறார்கள்? படுக்கையில் கிடக்கும் நோயாளியைத் தவிர வேறு யாருமில்லை. ஆகவே, மருந்தைப் பற்றிய படிப்பெல்லாம் டாக்டருக்கு, நமக்கு எதற்கு என்று எந்த நர்ஸும் எண்ணலாகாது.

மருந்துத் தவறுகளால் விளையும் கடுமையான தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டுமென்று 2017ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் ஓர் இயக்கம் துவக்கியது. இத்தவறுகளால் உலகில் ஆண்டுதோறும் 4,200 கோடி டாலர் விரயமாவதாக அந்த ஸ்தாபனம் மதிப்பிட்டது. பணம் போனால் சம்பாதிக்கலாம். போன உயிரை என்ன செய்வது?

நாஷ்வில் வழக்கு

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் நாஷ்வில் என்றொரு நகரம். அங்குள்ள பெரியதொரு சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், 2017 டிசம்பரில், 75 வயது மூதாட்டி ஒருவரை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அவருடைய பதட்டம் தணிய வெர்செட் என்ற மருந்தைக் கொடுக்கும்படி உத்தரவு. வெர்செட் என்பது கம்பெனி வைத்த பெயர். அதன் மூலப்பெயர் மிடசோலாம்.

அங்கே மருந்துகளை இயந்திர அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நர்ஸ், வெர்செட்டின் முதல் இரண்டு எழுத்துக்களை அடித்தார். அலமாரியோ மூலப்பெயரைக் கொண்டு தேடியது. அதே இரண்டு எழுத்துக்களில் துவங்கும் வெக்குரோனியம் வந்து நின்றது. வெக்குரோனியம் தசைகளை அடியோடு முடக்கும் மருந்து. சுவாசத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டுதான் அதைத் தொடுவார்கள். மூதாட்டிக்கு அது ஊசியில் ஏறியது. மூச்சு நின்றது. அவர் மாண்டார்.

நர்ஸின் மீது தவறில்லையா? உண்டு. மிடசோலாம் ஊசி மருந்து திரவமாகவே வருவது. வெக்குரோனியமோ தூள், நீர் விட்டுக் கரைக்க வேண்டும். மூடியிலும் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. "இந்த மருந்தைக் கரைக்கும் வழக்கமில்லையே" என்ற ஒரு கேள்வி அந்நேரம் எழுந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும். ஊசி போட்ட பின் அருகிலிருந்து மூச்சைக் கவனித்திருந்தாலும் பிழைத்திருக்க வழி உண்டு. மருந்தறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. இந்த நிகழ்ச்சியை மாகாண அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய ஆஸ்பத்திரி தெரிவிக்கவில்லை. குடும்பத்தாருடன் ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டது. அலமாரியின் தடையைத் தாண்டி மருந்தெடுப்பது அங்கே அன்றாட வழக்கமென்று நர்ஸ் கூறினார். 2022 மார்ச்சில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. கிரிமினல் கூண்டில் ஏறியவர் அவர் ஒருவரே. நிர்வாகம் ஏறவில்லை! நர்ஸுகள் கொதித்தெழுந்தார்கள். தவறைச் சொன்னால் சிறை என்றால், இனி யார் வாய் திறப்பார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2024ல் கென்டக்கி மாகாணம், வைத்திய ஊழியரின் சாதாரணத் தவறுகளைக் குற்ற வழக்கிலிருந்து விலக்கிச் சட்டம் செய்தது.

நம் வார்டுகளில்

இயந்திர அலமாரி இல்லாத ஆஸ்பத்திரிகளிலும் இதே ஆபத்து வேறு உருவில் காத்திருக்கிறது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் இரு வகை: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட்! சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழப்பார். மாற்றி இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்காது. புட்டியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க எத்தனை விநாடி ஆகும்?

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைப் பாருங்கள். நீர் ஆம்பூலைப் போலவே தெளிவாக இருக்கும். கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். குளுகோஸ் புட்டியில் அளவாகக் கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாக ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் 2002ம் ஆண்டில், இந்தக் கெட்டிக் கரைசலைப் பொது வார்டுகளிலிருந்தே அகற்றும்படி எச்சரிக்கை விடுத்தார்கள். "ஜாக்கிரதை" என்று நர்ஸிடம் சொல்லி நிறுத்தாமல் ஆபத்தையே அலமாரியிலிருந்து எடுத்தார்கள். இதுதான் சரியான முறை.

ஒவ்வொரு வேளையும்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். படுக்கை எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள். நோயாளியே தன் பெயரைச் சொல்லட்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேளுங்கள். டிஜாக்சின் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் முழுதும் இதயத் துடிப்பை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60க்குக் குறைந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். யூனிட் என்பதை ஓர் எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதுங்கள். எழுத்து புரியவில்லையா? ஊகிக்காதீர்கள், கேளுங்கள். கேட்பது அவமானமல்ல. இன்சுலின் போன்ற ஆபத்தான மருந்துகளை இன்னொரு நர்ஸ் தனியே கணக்கிட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள்.

இன்னொரு நர்ஸா? வார்டு முழுதுக்கும் ஒரே ஆள்தானே இரவு ஷிப்டில் என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. உண்மை. ஒரே நர்ஸை டெலிபோனுக்கும், அட்மிஷனுக்கும், மருந்துக்கும் ஒருங்கே ஓடவிட்டு, கணக்குத் தப்பியதும் அவளுக்கு மெமோ கொடுப்பது நியாயமா? போதிய ஆட்கள் வேண்டும். மருந்து கொடுக்கும் நேரத்தில் குறுக்கீடு கூடாது. ஒன்றுபோல் தோன்றும் ஆம்பூல்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். வேலை நேரத்திலேயே மருந்தியல் வகுப்பு நடத்த வேண்டும். இவை சலுகைகளல்ல. நோயாளியின் உயிருக்கு அவசியமானவை. இவற்றைக் கேட்கும்போது நோயாளியின் குடும்பத்தாரும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

தவறு நேர்ந்தால் மறைக்காதீர்கள். முதலில் நோயாளியைக் கவனியுங்கள், உடனே டாக்டரை அழையுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மறைத்த தவறு நாளை இன்னொரு வார்டில் இன்னொருவரைக் கொல்லும். தெரிவித்த ஊழியரைப் பழிவாங்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தரும்படி சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் வார்டில் அடிக்கடி கொடுக்கும் பத்து மருந்துகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எவ்வளவு, என்ன தீங்கு செய்யும், கொடுத்த பின் எதைக் கவனிப்பது? விடை தெரியாத இடத்திலிருந்து நாளைய படிப்பைத் துவக்குங்கள்.