ஊசி யார் கையில்?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



7 வயதில் சர்க்கரை வியாதியோடு எங்களிடம் வந்த ஒரு பையன். 18 வயதானதும், "இனிமேல் பெரியவர்கள் பிரிவுக்குப் போ" என்று சீட்டு எழிதிக் கொடுத்து அனுப்பினோம். அங்கே வரிசையில் எல்லாரும் தாத்தா பாட்டிகள். கூச்சப்பட்டுத் திரும்பியவன் பிறகு போகவேயில்லை. ஆறு மாதத்தில், கல்லூரி விடுதியிலிருந்து வாந்தியும் மூச்சிரைப்புமாக நினைவிழந்த நிலையில் தூக்கி வந்தார்கள். தேவகிருபையால் பிழைத்தான்.

அவன் தாயார் அழுதார்கள். "பதினோரு வருஷமா நான்தானே ஊசி போட்டேன். ஒரு வேளைகூடத் தப்பினதில்லையே!" என்றார்கள். உண்மைதான். வீட்டில் பிரிட்ஜ் இல்லாமல், ஈரமண் பானைக்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றிய தாய் அவர்கள். ஆனால் ஊசியைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. தவறு எங்களுடையது.

பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் சர்க்கரை வேறு, இது வேறு. இதில் உடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றே போகிறது; மாத்திரை போதாது. 1922 ஜனவரியில் டொரன்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இப்பிள்ளைகள் வளர்ந்து ஆளானது அபூர்வம். இன்று வளர்கிறார்கள். வளரும் பருவத்திலோ உடலின் மாற்றங்களால் இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பிள்ளைக்கோ அப்போதுதான் எல்லாம் சலித்துப்போகிறது.

ஆகவே இப்பொழுது முறையை மாற்றியிருக்கிறோம். 12 வயதில் பிள்ளையே மருந்தை அளந்து எடுக்க, தாய் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பிறகு டாக்டரிடம் சில நிமிடம் தனியாகப் பேச விடுகிறோம். வெளி பெஞ்சில் காத்திருப்பது தாய்மாருக்கு ஊசியைவிட வலிக்கிறது. சிலர் எங்களிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. தகப்பன்மாரையும் வரச் சொல்கிறோம். "அதெல்லாம் அவ பார்த்துக்குவா" என்பதே பெரும்பாலும் பதில்! பெரியவர்கள் பிரிவு டாக்டர் முதலில் எங்கள் அறைக்கே வந்து பிள்ளையைப் பார்க்கிறார். வராதவர்களுக்கு நர்ஸ் போன் செய்கிறார்.

பெண்பிள்ளைகள் காரியம் இன்னும் கடினம். கல்யாணம் தட்டிப்போகும் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் அவள் எந்த மூலையில் நின்று ஊசி போடுவாள்? முன்னதாகவே சொல்லிவிடுங்கள் என்கிறோம். கேட்பவர் சிலரே.

நீங்கள் அனுப்பும் காணிக்கை இரத்தப் பரிசோதனைப் பட்டைகளுக்கும் அந்த நர்ஸின் சம்பளத்திற்கும் போகிறது.

அந்தப் பையன் போன வாரம் வந்திருந்தான். தானே அளந்தான், தானே போட்டுக்கொண்டான். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.