பழைய வண்டியின் முள்ளும் சுக்கானும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகள் ஏற்றமும் இறக்கமும் நிறைந்தவை. 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே அறிமுகமான லாண்ட் ரோவர், இத்தகைய பாதைகளுக்கென்றே பிறந்த வண்டி எனலாம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அத்தகைய காலங்களில் கையிலுள்ள பழைய வண்டியைப் பேணுவதே அறிவுடைமை. நள்ளிரவில் லயத்திலே ஒருவருக்கு நோய் கண்டால், அருகில் நிற்கும் வண்டியே துணை.

முதலில் மானிகளைக் கவனிப்போம். எரிபொருள் மானி, வெப்பமானி இரண்டும் ஒருங்கே பொய் சொன்னால், இரண்டும் ஒரே நாளில் பழுதுற்றன என்று எண்ணலாகாது. இரண்டுக்கும் பொதுவானதை நாடவேண்டும். 1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பல பிரித்தானிய வண்டிகளில், பற்றரியின் மின்னழுத்தத்தைச் சராசரி 10 வோல்ட்டாகக் குறைத்து மானிகளுக்கு வழங்கும் சிறு நிலைப்படுத்தி உண்டு. அதன் ‘ஏர்த்’ இணைப்பு விட்டுப்போனால் இரு முட்களும் மிகையாகக் காட்டும். அதிலிருந்து மின் வராவிடில் இரண்டும் கீழேயே கிடக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், இணைப்புகளில் துரு ஏறுவது வியப்பன்று. துருவைச் சுரண்டி இறுக்கினாலே பல மானிகள் மெய் பேசத் தொடங்கும். எரிபொருள் மானி மட்டும் பிழைத்தால், தாங்கியிலுள்ள மிதவையையும் அதன் ‘ஏர்த்’ கம்பியையும் பார்த்தல் வேண்டும். பெற்றோல் ஆவி சூழ்ந்த அவ்விடத்தில் மின்பொறி எழலாகாது. பற்றரியைக் கழற்றிய பின்னரே கைவைத்தல் நன்று.

இனிச் சுக்கான். வண்டி சமதரையில் நிற்க, ஒருவர் சுக்கானை இடமும் வலமும் மெல்ல அசைக்கட்டும். மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாக நோக்கட்டும். சுக்கான் அசைந்தும் சுக்கான் பெட்டியின் கை அசையாவிடில், குறை பெட்டியில். அந்தக் கை அசைந்தும் சில்லுகள் அசையாவிடில், குறை தண்டுகளின் குண்டு மூட்டுகளிலோ, றேடியேற்றரின் அருகே நிற்கும் ‘றிலே’ என்னும் இடைமாற்றியிலோ இருக்கும். சுக்கானே கைக்குள் மேலும் கீழும் ஆடினால், தண்டின் மேற்புறப் புஷ் தேய்ந்திருக்கலாம். பெட்டியின் திருகை அளவுக்கு மீறி இறுக்கி ஆட்டத்தை மறைப்பது தவறு. சுக்கான் இறுகித் திரும்ப மறுக்கும். இடைமாற்றியின் உள்ளே வலிய சுருள்வில் அமுங்கியிருக்கிறது. பழக்கமற்றவர் அதைப் பிரித்தால் வில் பாய்ந்து காயம் விளைவிக்கும். அப்பணியைத் தேர்ந்த பாஸிடமே விடுக.

இவ்விரு குறைகளும் ஒரு தரத்தன அல்ல. எரிபொருள் முள் பொய் சொன்னாலும், தாங்கியில் கோல் விட்டு அளந்து பயணத்தைத் தொடரலாம். வெப்பமானி பழுதானால், புறப்படுமுன் நீரைப் பார்த்து, மெதுவாகச் சென்று, விரைவில் திருத்திக்கொள்ளலாம். சுக்கான் ஆட்டத்துக்கோ அத்தகைய மாற்றுவழி ஒன்றுமில்லை. இறக்கத்து வளைவிலே பின்னால் அமர்ந்திருப்போர் அனைவரின் உயிரும் அந்த ஒரு மூட்டைப் பற்றியே நிற்கிறது. ஆகவே, ஆட்டம் கண்ட வண்டி திருத்தப்படும்வரை தோட்டத்து வாசலைத் தாண்டலாகாது.