எந்தக் கதவு முதலில்?

(சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வுரையை ஞாயிறு காலையில் ஏட்டிலே படிக்கப்போகும் அன்பரே, உங்களையும் இந்தக் கூட்டத்தில் ஒருவராக எண்ணிக்கொண்டே பேசுகிறேன்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்காக ஊரடங்குப் பேச்சு என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த நெருக்கடி நிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது என்பது மெய். ஆனால், வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள். நோய் வந்து வாசலில் நிற்கும்போது நீதியைப் பற்றி அமைதியாகப் பேச எவருக்கும் நேரமிராது. பேசவேண்டிய நேரம் இதுதான்.

பேசவேண்டிய ஊரும் இதுதான். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள், அத்திவரதரைக் காண இந்தச் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் திரண்டவர் தொகை ஒரு கோடியைத் தொட்டதாக ஏடுகள் எழுதின. ஏழு திங்கள்கூட முழுமையாக உருளவில்லை. 2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி அறிவிக்கப்பட்டார். அவர் ஓமான் நாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். கோடி மக்கள் நடந்த தெருவிலே காக்கை மட்டும் நடமாடியதை நீங்கள் கண்டீர்கள். கூட்டத்தினால் வாழும் ஊர், கூட்டமே கூடாது என்ற கட்டளைக்குக் கீழே எப்படி மூச்சு வாங்கியது என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

பூட்டுவது எளிது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு முழுவதும் பூட்டப்பட்டது. நான்கு மணி நேரம்! அவ்வளவுதான் அவகாசம். அந்த நான்கு மணி நேரத்தின் விலையை, நெடுஞ்சாலைகளிலே குழந்தையைத் தோளில் சுமந்து நடந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் செலுத்தினார்கள்.

திறப்பதோ அரிது. ஏனெனில், பூட்டும்போது எல்லோருக்கும் ஒரே பூட்டு. திறக்கும்போது யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி பிறந்த கணமே அது மருத்துவக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. நீதிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

அந்நாளில் இரு சாரார் வாதிட்டார்கள். உயிர் இருந்தால்தானே வாழ்வு, கடைசி நோயாளி குணமாகும்வரை கதவைத் திறவாதே என்றனர் ஒரு சாரார். பசியும் நோய்தான், இன்றே எல்லாவற்றையும் திற என்றனர் மற்றொரு சாரார். முதல் வாதம், மாதம் பிறந்ததும் சம்பளம் தவறாமல் வந்தவருக்கு எளிதாக இருந்தது. இரண்டாம் வாதம், திறந்த பிறகு அந்தக் கூட்டத்திலே தாம் போய் நிற்கவேண்டாத முதலாளிக்கு எளிதாக இருந்தது. இருவரும் பிறர் தோளில் இருந்த சுமைக்குத்தான் எடை போட்டார்கள்.

எனினும் இரு வாதங்களிலும் உண்மை உண்டு. மறைக்க நான் வரவில்லை.

அவசரப்பட்டுத் தளர்த்தினால் என்ன ஆகும்? 1918-இல் உலகை உலுக்கிய இன்புளுயன்சாவின்போது, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் முகமூடிக் கட்டளையை நவம்பர் 21 அன்று நீக்கிக் கொண்டாடியது. ஜனவரியில் நோய் மீண்டும் தலைதூக்க, முகமூடியும் மீண்டும் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2021 மார்ச் தொடக்கத்தில் நம் தமிழ்நாட்டில் நாளொன்றுக்குப் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 500 பேர். மே 21 அன்று 36,184 பேர்! இடையிலே நடந்தது என்ன? புதிய வகைக் கிருமி வந்தது, உண்மை. ஆனால் ஏப்ரல் 6 தேர்தலுக்காக எல்லாக் கட்சிகளும் கூட்டம் கூட்டின, அதுவும் உண்மை. மக்களுக்கு இடைவெளி உபதேசித்த நாவே மைதானத்தை நிரப்பு என்று தொண்டர்களுக்குச் சொன்னது. கட்சி ஏட்டில் இதனை எழுதுவது கசப்புத்தான். எழுதாவிட்டால் மற்றவர் குறையைச் சொல்ல நமக்கு வாய் ஏது? கொரோனா தமிழ்நாட்டில் பறித்த உயிர்கள் அரசின் கணக்கிலேயே 38,000-க்கும் மேல்.

சரி, மறுபக்கம் பாருங்கள். தறி வீட்டுக்குள்தானே இருக்கிறது, நெசவாளிக்கு ஊரடங்கால் என்ன நட்டம் என்று கேட்ட மேதாவிகள் உண்டு! தறிக்கு யாரும் பூட்டுப் போடவேண்டியிருக்கவில்லை; அது தானே நின்றது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும். சரிகைக்குச் சூரத்தை நோக்கவேண்டும். சாயம் தோய்க்க ஒரு கை, பாவு ஓட்ட ஒரு கை, கோர்வைப் புடவையென்றால் கரைக்கு நாடா தள்ள மறுபுறம் துணைக்கு ஓர் ஆள். ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும். இங்கு எல்லா இழையும் ஒரே இரவில் அறுந்தன. அப்படியும் இருந்த நூலைக் கொண்டு நெய்து முடித்தவர் அந்தப் புடவையை யாரிடம் விற்பார்? திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று விதி. முகூர்த்தப் பட்டு நம்பி வாழும் ஊருக்கு, முகூர்த்தமே சுருங்கிப் போயிற்று.

அரசு கைகொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் தரப்பட்டன. 2021-இல் இரு தவணையாக 4,000 ரூபாய் தரப்பட்டது. பசியைத் தள்ளிப்போட அது உதவிற்று. ஆனால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பத்தின் பல மாத வருவாய்க்கு அது ஈடாகுமா? முன்பணக் கடன் அப்படியே நிற்க, வட்டி மட்டும் ஊரடங்குக்குக் கட்டுப்படாமல் நடமாடிற்று!

ஆகவே, திறப்பதா வேண்டாமா என்பது தவறான கேள்வி. எந்த வரிசையில், எந்த அளவில், யார் செலவில் என்பதே கேள்வி. அதற்கு ஐந்து நெறிகளை உங்கள் முன் வைக்கிறேன். எதிர்த்து வாதிடுங்கள், வரவேற்கிறேன்.

முதல் நெறி: வரிசையை ஆபத்து தீர்மானிக்கட்டும், வருமானமோ செல்வாக்கோ தீர்மானிக்கக்கூடாது. 2020-இல் நடந்ததை நினைவுகூருங்கள். பூட்டிய ஆறு வாரத்தில், மே 7 அன்று, சென்னைக்கு வெளியே மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றத்தில் தடை பெற்று மே 16-இல் மீண்டும் திறந்தார்கள். பள்ளிக்கூடமோ? ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. ஏறத்தாழ 19 திங்கள்! கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தனை திங்களும் இருட்டு. பள்ளி மூடினால் பிள்ளை எங்கே போகும் என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. தறியருகே சிறுவரை உட்காரவைத்த பழைய கொடுமையை ஒழிக்க எத்தனை ஆண்டுகள் போராடினோம்! எனவே பள்ளி கடைசியில் மூடவேண்டும், முதலில் திறக்கவேண்டும். மது வருவாய் காத்திருக்கலாம். பிள்ளையின் வயது காத்திராது.

ஆபத்து என்பதை எப்படி அளப்பது? இந்நோய் காற்றிலே பரவுவது. அடைத்த அறை, நெருங்கிய கூட்டம், நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேருமிடம் கொடிது. இந்த அளவுகோலைக் கோயிலுக்கும் வையுங்கள், கடைக்கும் வையுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வழிபாட்டிடங்கள் மூடியிருந்தன. கடை திறந்திருக்கக் கோயில் மட்டும் ஏன் மூடவேண்டும் என்று கேட்டவர்களை வெறும் அரசியல் செய்வோர் என்று ஒதுக்கிவிட முடியாது. கோயில் வாசலில் பூ விற்பவளும் தேங்காய் விற்பவரும் கேட்ட கேள்வியும் அதுவே. திறந்த பிரகாரத்தில் வரிசையாக நடப்பது ஒன்று. கருவறை முன் நெருங்கி நிற்பது வேறு. தேர்த் திருவிழா முற்றிலும் வேறு. முதலாவதை அனுமதிக்கலாம், இரண்டாவதை அளவிடலாம், மூன்றாவதை ஒத்திவைக்கலாம். அதே அளவுகோல்தான் காந்தி சாலையின் குளிரூட்டிய பட்டு மாளிகைகளுக்கும். கதவு சன்னலைத் திறந்து, எண்ணி உள்ளே விடும் கடை முதலில். குளிர் அறைக்குள் கூட்டம் சேர்க்கும் கடை பிறகு. பக்தர் கேட்டாலும் வணிகர் கேட்டாலும் விடை ஒன்றாக இருந்தால் மக்கள் ஏற்பார்கள்.

இரண்டாம் நெறி: கட்டும் எல்லை சிறிதாக இருக்கட்டும். 2020 மே தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாகச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வண்ணம் பூசினார்கள். காஞ்சிபுரம் சிவப்பு. இம்மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் உண்டு. குன்றத்தூர்ப் புறநகரும் உண்டு. பாலாற்றங்கரைச் சிற்றூரும் உண்டு. அனைத்துக்கும் ஒரே வண்ணமா? அதிலும் ஒரு விந்தை. 2021 மே மாத முழு ஊரடங்கிலே பட்டுக்கடை மூடியிருந்தது. கார் ஆலைகள் இயங்க இசைவு பெற்றிருந்தன. ஒரகடம் வட்டாரத் தொழிலாளர்கள், எங்களுக்குள் இடைவெளி வேண்டும் என்று உயர்நீதிமன்றப் படியேறினார்கள். பெரிய ஆலைக்குத் திறப்பு, ஆனால் அதன் தொழிலாளிக்குக் காப்பு இல்லை. சிறு தறிக்குக் காப்பு, ஆனால் கஞ்சி இல்லை! தெருவையும் வட்டத்தையும் அலகாகக் கொண்டால் நோயிருக்கும் தெருவைக் கட்டி, நோயில்லாத் தெருவை வாழவிடலாம்.

மூன்றாம் நெறி: முன்கூட்டிச் சொல்லவேண்டும். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழுப் பூட்டு என இரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள். முந்திய நாள் கோயம்பேட்டில் மக்கள் முண்டியடித்தனர். அந்தச் சந்தையே பிறகு நோய் பரப்பும் மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. நியூசிலாந்து நாடோ 2020 மார்ச் 21 அன்றே நான்கு படிநிலைகளை வகுத்து, எந்தப் படியில் எது திறக்கும், எது மூடும் என்று மக்கள் கையில் கொடுத்துவிட்டது. அது சிறு தீவு, நமக்குப் பொருந்தாது என்பார்கள். தீவின் கடலை நாம் கடன் வாங்க முடியாது; ஆனால் அட்டவணையைக் கடன் வாங்கலாமே! நம்மிடமும் 2021 ஜூனில் மாவட்டங்களை மூவகையாகப் பிரித்துப் பட்டியலிட்டுத் தளர்த்தியபோது குழப்பம் குறைந்தது. அந்தப் பட்டியலை நோய் வருமுன்னரே எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான்காம் நெறி: ஒரு படி ஏறு, நின்று பார், பிறகு அடுத்த படி ஏறு. கிருமி உடலில் புகுந்து வெளிப்பட ஐந்து நாள் ஆகலாம். சிலருக்குப் பதினான்கு நாளும் ஆகலாம். இன்று திறந்த கதவின் விளைவு இரண்டு வாரம் சென்றே தெரியும். அதற்குள் அடுத்த கதவைத் திறப்பவன், உலையில் போட்ட அரிசி வெந்ததா என்று பாராமலே இலை போடுபவன். எண்ணிக்கை ஏறினால் ஒரு படி இறங்குவதில் இழிவு இல்லை. இறங்குகிறோம் என்று ஒளிவின்றிச் சொல்லும் அரசை மக்கள் நம்புவார்கள்.

ஐந்தாம் நெறி, அனைத்திலும் முதன்மையானது: மூடச் சொன்னவரே செலவில் பங்கேற்க வேண்டும். ஊர் நலனுக்காக ஒருவன் தறியை நிறுத்தினால், அவன் செய்வது தொண்டு. அத்தொண்டுக்குக் கூலி தருவது கடமை. அதைத் தருமம் என்று அழைக்காதீர்கள். நின்ற தறிக்கு நாட்கணக்கில் ஈடு. கடனுக்கு வட்டி நிறுத்தம். கூட்டுறவுச் சங்கங்களிலும் கோ-ஆப்டெக்சிலும் தேங்கும் புடவைகளை எடுத்துக்கொள்ளத் தனி நிதி ஆகியவை பூட்டும் ஆணையிலேயே எழுதப்படவேண்டும். சங்கத்தில் உறுப்பினராயிராமல் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவரும் அந்தக் கணக்கில் வரவேண்டும். ஏனெனில் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்க்கும் வயிறு உண்டு.

செலவுக்குப் பணம் ஏது என்பார்கள். ஈடு இல்லாத பூட்டு நிற்காது என்பதே என் விடை. பசித்தவன் திருட்டுத்தனமாக வெளியே போவான், காவலர் தடியெடுப்பார், நோயுற்றவன் மறைப்பான், நோய் மறைவிலே வளரும். 1897-இல் வெள்ளையர் ஆட்சி கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டில் புனே நகரில் பிளேக்கை ஒடுக்க வீடு வீடாகப் புகுந்து நடத்திய கெடுபிடி, மக்களைப் பகைவராக்கியது. ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படும் அளவுக்குச் சென்றது. அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 2020-இலும் நம்மீது பாய்ந்தது. மக்களை அஞ்சவைக்கும் சட்டம் தெருவை வெறிச்சோடச் செய்யலாம். நோயாளியை மருத்துவரிடம் வரவழைப்பது நம்பிக்கை ஒன்றே. 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் தளர்வுக்கு விதித்த ஆறு நிபந்தனைகளுள் ஒன்று, மக்கள் அறிந்து பங்கேற்கவேண்டும் என்பது. அதற்குப் பொருள், திறக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் மேசையில் மருத்துவரும் ஆட்சியரும் மட்டுமின்றி, நெசவாளியும் பூக்காரியும் ஆசிரியரும் அமரவேண்டும் என்பதே.

தோழர்களே, காஞ்சிபுரம் இன்று மாநகராட்சி. வட்டந்தோறும் உறுப்பினர் இருக்கிறார். மக்கள் கூடிக் கேட்கப் பகுதி சபை என்ற ஏற்பாடும் சட்டத்தில் இருக்கிறது. அங்கே சென்று கேளுங்கள்: எங்கள் தெருவில் எத்தனை தறி, அவற்றில் எத்தனை பதிவில் இல்லை? காற்றோட்டமான பள்ளி அறை எத்தனை? தனியே வாழும் முதியோர் எத்தனை பேர்? அடுத்த முறை பூட்டு வந்தால் எங்கள் தெருவில் எந்தக் கதவு முதலில் திறக்கும்? இந்தக் கணக்கை எடுக்கக் கோடி ரூபாய் வேண்டாம்; ஒரு குறிப்பேடும் ஒரு மாத உழைப்பும் போதும்.

வாசக அன்பரே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் தெருவுக்கும் இதே கணக்கு உண்டு. அடுத்த நோய் எப்போது வருமென்று எவரும் நாள் குறிக்க முடியாது. வரும்போது ஆணை பிறப்பிப்பவர் கையில் அந்தக் குறிப்பேடு இருக்குமா இராதா என்பது இன்று நாம் செய்யும் வேலையைப் பொறுத்தது. கேளுங்கள், எழுதி வாங்குங்கள், எழுதியதைக் காத்துவையுங்கள்.